அலங்கோலத்துக்குக் காவல்

இனி வருவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொல்கிறவன் தலையில் இடி விழட்டும். கேட்கிறவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தப் பழைய வீட்டின் கடைசிச் சொந்தக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும், ஒரு காலை ரயிலைப் பிடிக்க அரக்கப்பரக்க ஓடியவர்கள். போன ஊர் பிடித்துப்போய்விட்டது. வீட்டை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை அருங்காட்சியகமாக்கிய அரசாங்கம், விட்டது விட்டபடியே இருக்கவேண்டுமென்று உத்தரவு போட்டது. சுருண்ட போர்வை, நாற்காலிமேல் சட்டை, கட்டிலுக்கடியில் செருப்பு, பாதி குடித்த தேநீர்க் கோப்பை, எல்லாவற்றுக்கும் பத்தொன்பது வருடமாக ஒரே காவலாளி.

அதிகாரி சோதனைக்கு வரும் நாளன்று, அவன் மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கோடு அவன் மனைவி முதன்முதலாக அங்கே வந்தாள். அவன் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் வரலாறாகத் தெரிந்தது அவளுக்குக் குப்பையாகத் தெரிந்தது. அவன் உள்ளே வந்தபோது போர்வை மடித்திருந்தது, சட்டை அலமாரியில், கோப்பை பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

"அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே! பதினொரு மணிக்கு அதிகாரி வர்றாரு. எது எங்க கிடக்கணும்னு அவர்கிட்ட பட்டியல் இருக்கு. ஒண்ணு மாறினாலும் வேலை போச்சு!"

"தினம் பாக்கறீங்களே, ஞாபகம் இல்லையா?"

"இருக்கற பதட்டத்துல என் பேரே ஞாபகம் இல்லடி!"

அவள் அசரவில்லை. "படுங்க. நேரமாச்சு, எழுந்து வேலைக்குக் கிளம்புங்க. நம்ம வீட்டுல கிளம்பற மாதிரியே. நான் பின்னாடியே வந்து ஒண்ணையும் எடுத்து வைக்கமாட்டேன், போதுமா?"

புரண்டான், எழுந்தான், போர்வையை உதைத்தான். சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து நாற்காலிமேல் வீசினான். செருப்பைத் தேடி ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். தூக்கோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்கிலிருந்து அவள் ஊற்றிய தேநீரில் பாதியைக் குடித்து, மீதியை மறந்தான்.

"போதும், நிறுத்துங்க. இதுக்கு மேல கிளம்பினா வீடு தாங்காது."

அதிகாரி பட்டியலும் அளவு நாடாவுமாக வந்தார். செருப்பு குப்புறக் கட்டிலுக்கடியில், இரண்டு சாண் உள்ளே: சரி. சட்டையின் இடதுகை உள்பக்கம் வெளியே: சரி. கோப்பையில் விரலை விட்டவர் சிலிர்த்துப்போனார்.

"தேநீர் இன்னும் சூடு ஆறலையேய்யா! பராமரிப்புன்னா இதுதான் பராமரிப்பு!"

ஓய்வுபெறும்வரை அவனை யாரும் மாற்றக்கூடாதென்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இருவரும் பின்வாசற்படியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள்.

"அடுத்த தடவை அவரை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி. "அங்க ரெண்டு நாள் ஆகும் பட்டியல் எழுதி முடிக்க."

அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான்.

அந்தக் காவலாளிக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை. கேட்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம்.