வலப்பக்கம் திரும்பிய மூக்கு

முதல் போல்ட் இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. ரூயுன் அலுமினியத் துண்டைச் சுழற்றிப் பார்த்தாள், எடுத்துத் துடைத்து மறுபடி எஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள். எப்படி வைத்தாலும் ஒரு போல்ட் வெளியே நின்றது. தண்ணீர்க் குழாய் மாட்டவேண்டிய மூக்கோ, ரேடியேட்டர் இருக்கும் இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கம் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு ஸ்கேனர் ஞாபகம் வந்தது.

அப்பாவின் வேன் ஐந்து வாரமாக, அவள் வேலை பார்க்கும் பட்டறை முற்றத்தில் கிடந்தது. எஞ்சின் சுடுதண்ணீர் வெளியே வருகிற அந்தத் துண்டு உடைந்துவிட்டது, கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணல்மாணலான சாமான். நேராக ஒரு பக்கம் கிடையாது, அளவுகோல் வைக்க இடம் கிடையாது. உடைசல்களை ஒட்டி, அடிமுகத்தை ஸ்கேனர் கண்ணாடிமேல் குப்புற வைத்துப் படமெடுத்து, அந்தப் படத்தின்மேல் கணினியில் கோடு இழுத்திருந்தாள். கீழிருந்து எடுத்த படத்தை மேலிருந்து பார்ப்பதாக நினைத்து அப்படியே எழுப்பியும்விட்டாள்; இடம் வலமாகிப்போனது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு. பதினொரு வருஷமாகச் சாமான் வார்க்கும் அச்சு வரைகிறவள் அவள். அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் விழித்தால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

வெட்டு மெஷின் பார்க்கும் லாய் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, கண்ணாடியப் பாத்து வரைஞ்சியா?” என்று சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். “அலுமினியக் கட்டி இன்னொண்ணு இருக்கு. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போடவா?”

போன் அடித்தது. தம்பி ஜிஹாவ், ஊரிலிருந்து.

“அக்கா, எங்க இருக்கே? இங்க சாவு கண்ணுல படக்கூடாதுன்னு சாமிக்கெல்லாம் செவப்புக் காகிதம் ஒட்டி மறைச்சாச்சு, அப்பாவைப் படுக்க வைக்கக் கூடத்துல பலகை போட்டாச்சு. பெரியப்பா வாசலைவிட்டு நகர மாட்டேங்கிறாரு.”

“துண்டு தப்பாப் போச்சுடா. இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.”

“வெளையாடுறியா? அப்பாவுக்குச் சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆம்புலன்ஸக் கூப்பிட்டுத் தொலையேன்!”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியில் உயிர் போனால் அந்த ஊரில் உடம்பைக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். வாசலில் தகரக் கொட்டகைதான். ஒரு மூச்சாவது மிச்சம் இருக்கும்போது நிலைப்படி தாண்டவேண்டும். ஆனால் இருபத்தெட்டு வருஷம் அந்த வேனில் சிப்பி ஏற்றிக் கடை கடையாகப் போட்ட மனிதர், “ஊளையிடுற வண்டில என்னை ஏத்துனீங்க, செத்தும் மன்னிக்க மாட்டேன்” என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். துண்டு தயாராகிவிடும் என்று வாக்குக் கொடுத்தவள் ரூயுன்.

ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஆம்புலன்ஸா? கேட்டேன், கண்ணாலயே வேணாம்னுட்டாரு” என்றாள் அம்மா. “பிடிவாதம் புடிச்ச மனுஷன். நீ வந்துருவேல்ல?”

“வந்துர்றேம்மா.”

திரையில் வலதை இடதாக்க ஒரே ஒரு சொடுக்கு. மெஷினுக்குத்தான் ஒன்றேகால் மணி நேரம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைத் தண்ணீர் பீய்ச்சியடிக்க, மூக்கு இம்முறை ஒழுங்காக இடப்பக்கம் முளைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே நகத்தைக் கடித்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் இந்நேரம் அப்பா பாதி வழி போயிருப்பார். கூப்பிட இரண்டு தடவை போனை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை மெத்தையோடு வேனுக்குள் ஏற்றினார்கள். சிப்பி வாடை குப்பென்று வந்ததும் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அவர் உதடு அசைந்தது. சிரித்தார் என்றாள் அம்மா. நர்ஸ் ஆக்ஸிஜன் சிலிண்டரின் குமிழை அம்மாவுக்குத் திருகிக் காட்டினாள்: “இப்படின்னா திறக்கும், இப்படின்னா மூடும்.”

ரூயுன் சாலையைப் பார்த்தாள், எஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்தாள். முள் பாதியில் நின்றது. ஏறிவிடுமோ, ஏறிவிடுமோ என்று மறுபடி மறுபடி பார்த்தாள். பின்னால் அம்மா எதையோ பேசிக்கொண்டே வந்தாள்: கொய்யாக்காய் விலை, ஜிஹாவ் மகனின் பல்.

“மூச்சு இருக்காம்மா?”

“இருக்கு. நீ ரோட்டைப் பாரு.”

தாது ஆற்றின் பெரிய பாலத்தை அந்தப் பேச்சிலேயே கடந்தார்கள். பிறகு அம்மாவின் பேச்சு நின்றது. எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஊருக்கு முன்னால் வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம்.

“பாலம் வருதுங்க” என்றாள் அம்மா, மெல்லிய குரலில். “கூடவே வாங்க. பின்தங்கிடாதீங்க.”

உயிரோடு இருப்பவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆவி வழி தெரியாமல் பாலத்தில் நின்றுவிடக்கூடாது என்று சொல்வது அது. ரூயுன் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு இருக்கா என்று மறுபடி கேட்கவும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அடுத்த திருப்பத்தில் அம்மா சொன்னாள், “எடப்பக்கம் திரும்புறோங்க.”

வாசலில் எஞ்சினை நிறுத்தினாள். பெரியப்பா முன்னால் வந்தார், பின்னால் ஜிஹாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும்.

“மூச்சு இருக்கா?” என்றார் பெரியப்பா.

“இருக்கு” என்றாள் அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

ரூயுன் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். முகமூடியில் ஆவி படியவில்லை. இனி வேண்டாமென்று சிலிண்டர் குமிழ் இறுக்க மூடியிருந்தது. அதன்மேல் அம்மாவின் கை. பெரியப்பா மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

ரூயுன் குனிந்து அம்மாவின் கையை விலக்கிவிட்டுக் குமிழைத் திருகினாள். மூச்சு விடுகிற மாதிரி உஸ்ஸென்று காற்று கிளம்பியது. வாசல்வரை கேட்டது.

“ஜிஹாவ், தலைப்பக்கம் புடி” என்றாள். “நிலைப்படி இருக்கு, பாத்து.”