புண் ஆறிய கை

விடிவதற்கு முன்பே இறால் வந்துவிட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த வண்டி கொட்டகை வாசலில் நிற்க, பெண்கள் பெட்டிகளை இறக்கி ஐஸோடு மேசைகளில் கொட்டினார்கள். தலையைக் கிள்ளி, ஓடு நீக்கி, முதுகு நரம்பை இழுத்து எறிய வேண்டும். முதலில் குளிர் எலும்பைத் தொடும். பிறகு விரல்கள் மரத்துப்போகும்; முள் குத்தினாலும் தெரியாது. வேலை முடிந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் குத்தியதெல்லாம் சேர்ந்து எரியும்.

மேற்பார்வையாளர் புருஷோத்தமன் கைப்பேசியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தான். பச்சையம்மாள், ராஜாம்பாள், இன்னும் சிலர். பெயர் வந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம், இனி வர வேண்டாம். கையில் புண் உள்ளவர்கள் ஏற்றுமதிச் சரக்கைத் தொடக் கூடாதாம்.

பச்சையம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவளக்குப்பத்துக்கு அப்பால் உள்ள கிராம மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, களிம்பு தடவி, விரலிடுக்குப் புண்கள் போன மாதமே ஆறிவிட்டன. எதிரே நின்ற சந்திரகலாவின் விரல்களில் சீழ் வைத்திருந்தது. அவள் மருத்துவமனைப் பக்கமே போனதில்லை. அவள் பெயர் வரவில்லை.

முதலாளி இராமதாஸின் கார் வந்து நின்றதும் பச்சையம்மாள் குறுக்கே போய் நின்றாள். கணவன் சாமிக்கண்ணு படகில் விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். அவள் கூலி நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

"என் கையப் பாருங்க மொதலாளி. எங்க இருக்குது புண்ணு?"

அவர் கையைப் பார்க்கவில்லை. கைப்பேசியைத்தான் பார்த்தார். "ஆஸ்பத்திரிக் கணக்குல இருக்கும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அது ஆறிப்போச்சு."

"அதுல அப்படிப் போடலியே."

"ஆஸ்பத்திரியில காட்டுனது உங்களுக்கு எப்பிடி வந்துச்சு?"

அவர் சிரித்தார். "அந்தக் கம்ப்யூட்டரே நான் வாங்கிக் குடுத்ததுதான்."

மருத்துவமனையில் செவிலி நிர்மலா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். வீடு வீடாக வந்து, கூச்சப்பட்டவர்களின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவள் அவள். காட்டுவது டாக்டரைத் தாண்டிப் போகாது என்று சொன்னவளும் அவள்தான். பச்சையம்மாள் கேட்டதும் அவள் தலை குனிந்தது.

"யார் யாருக்குப் புண்ணுன்னு சொன்னா கிளவுஸ் வாங்கித் தரோம்னு மொதலாளி சொன்னாருக்கா. பெரிய டாக்டரும் அனுப்பச் சொன்னாரு."

"கிளவுஸ் வந்துச்சான்னு ஒரு தரமாவது எங்களக் கேட்டியா?"

முதலாளி செய்தது துரோகமென்று பச்சையம்மாளுக்குத் தோன்றவில்லை. அவரை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. தன் கையைப் பிடித்துப் பார்த்த இந்தக் கை செய்ததுதான் நெஞ்சில் இறங்கியது.

தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். பெயர், ஊர், கைப்புண். காரணம்: தெரியவில்லை.

"உனக்குமா தெரியல?"

வேலையால் வந்தது என்று போட்டால் விசாரணை வரும், கேள்வி வரும், அதனால் எல்லோருக்கும் அப்படியே போடச் சொல்லியிருந்தார்கள் என்று நிர்மலா முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலம் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் பச்சையம்மாள் வீட்டு வாசலில் கூடினார்கள். இனி செத்தாலும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்றாள் ராஜாம்பாள். பலரும் தலையாட்டினார்கள். பச்சையம்மாள் மட்டும் ஆட்டவில்லை.

"ஒளிச்சு வெச்சா அவனுக்குத்தான் நல்லது. நாலு பேருக்குப் புண்ணுன்னா நாலு பேர வெரட்டுவான். அத்தனை பேருக்கும் புண்ணுன்னா, கொட்டகைக்குத்தான் நோவுன்னு ஊருக்கே தெரியும்."

வேலை இழந்தவளுக்குச் சொல்வது சுலபம். எல்லோர் பார்வையும் சந்திரகலாவின் மேல் விழுந்தது. அவளுக்கு இன்னும் வேலை இருந்தது. கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் இறால் வண்டி வந்தபோது கொட்டகை மேசைகள் காலியாகக் கிடந்தன. மருத்துவமனை திறக்கும் முன்பே வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்திருந்தது. முதல் ஆளாக சந்திரகலா நின்றாள். உள்ளே போனதும், விரல்களில் ஒட்டியிருந்த துணியைப் பிய்த்தெடுத்து, கையை மேசைமேல் வைத்தாள்.

"எழுது சிஸ்டர். காரணம் தெரியலன்னு போடாத. ஐஸ்ல வெறுங்கையோட இறா உரிச்சதால வந்ததுன்னு போடு. என்னக் கேக்காம இத யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னும் போடு."

நிர்மலா டாக்டர் அறையின் பூட்டிய கதவைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். மேசைமேல் இருந்த சந்திரகலாவின் கைப்பேசி புருஷோத்தமன் பெயரைக் காட்டி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

பச்சையம்மாள் நிர்மலாவை மன்னிக்கவில்லை. பக்கத்திலேயே நின்று, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு முடித்த பிறகே தன் கையை நீட்டினாள்.

"எனக்கு ஆறிடுச்சுன்னு போடு. எதனால வந்துச்சுன்னும் போடு."

வெளியே வரிசையில் ஒரு கைப்பேசி அடித்தது. பிறகு இன்னொன்று. யாரும் எடுக்கவில்லை. அடுத்தவள் உள்ளே வந்து கையை மேசைமேல் வைத்தாள்.