படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற வரி

ஸ்பூனில் இருந்த மருந்து அப்பாவின் உதட்டோடு நின்றுவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் இருந்த லேப்டாப்பைக் கண்ணால் காட்டினார்.

"முதல்ல மருந்து," என்றாள் மகள்.

"முதல்ல அது."

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவர், பேரத்தில் மட்டும் ஒரு படி இறங்கவில்லை. மகள் குழாய்க் கடை கவுன்டரில் வேலை பார்க்கிறவள். பித்தளைக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து, இது பித்தளையே இல்லை என்று அடித்துப் பேசுகிற வாடிக்கையாளர்களைத் தினமும் சமாளிப்பவள். இவரிடம் அந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு லேப்டாப்பை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

காலையில் வந்த டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு போனிலும் அதே அழுகை, அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடிந்தது.

கம்ப்யூட்டர் என்று யாரும் நினைக்காத கம்ப்யூட்டர்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. லிஃப்ட்டுக்குள், தண்ணீர் மோட்டார் பெட்டிக்குள், துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் நகம் அளவில் ஒரு சிப் இருக்கும். அதை நடத்த ஓர் இயங்குதளம் வேண்டும். சொன்ன வேலையைச் சொன்ன கணத்தில் செய்துவிட வேண்டும் அது. கொஞ்சம் பிந்தினாலும் லிஃப்ட் கதவு ஆள் மேல் மூடும். அப்படிப்பட்ட ஓர் இயங்குதளத்தைப் பல ஊர்க்காரர்கள் கூடி எழுதுகிறார்கள். மேல்மாடியில் யார் என்ன சோடித்தாலும், அஸ்திவாரத்தில் சிப்பின் காதோடு காதாகப் பேசுகிற வரிகள் தனியாக இருக்கும். ரிஜிஸ்டர் என்று சிப்புக்குள் இருக்கிற சின்னச் சின்ன அறைகளில் எழுதியும் படித்தும்தான் அந்தப் பேச்சு நடக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் அந்த வரிகளைக் காக்க ஒரு பொறுப்பாளர். அவர் 'சரி' என்று போடாமல் ஒரு புள்ளியைக்கூட யாரும் நகர்த்த முடியாது; கெடு தாண்டியும் அவர் பதிலே சொல்லாவிட்டால் மட்டும் மாற்றம் தானாகச் சேரும்.

அப்பா ஒரு பழைய சிப்பின் பொறுப்பாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், இதிலிருந்து பெறவில்லை. ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. அவர் முன்னாலேயே கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரிதான் வைத்துக்கொண்டார்.

"யாரோ புதுசா ஒருத்தர் எழுதியிருக்கார்," என்றாள் மகள்.

"படி."

படித்தாள். முகம் தெரியாத ஓர் எஞ்சினியர், எங்கோ தூரத்தில் இருப்பவர். 'ஐயா, சிப்பைத் தொடங்கி வைக்கிற கோட் பகுதியில் ஒரு வரி பார்த்தேன். ஒரு ரிஜிஸ்டரைப் படிக்கிறோம். படித்த மதிப்பை எங்கேயும் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுகிறோம். பயனில்லாத வரியாகத் தெரிகிறது. நீக்கியிருக்கிறேன். நீக்கலாமா, இல்லை ஏதாவது காரணம் இருக்கிறதா?'

கீழே குழுவின் வழக்கமான குறிப்பு: பொறுப்பாளர் பதில் சொல்லாவிட்டால் இன்று மாலை மாற்றம் சேர்ந்துவிடும்.

அந்த வரியை மகளுக்குத் தெரியும். கண்ணை மூடினால்கூடத் தெரியும்.

ஒரு காலத்தில் அவளும் அதே ஆபீஸில், அதே குழுவில் இருந்தாள். சேர்ந்த புதிது. வீட்டைக் கூட்டுகிற வேகத்தில் அப்பா எழுதிய கோட் வரிகளைக் கூட்டினாள். இந்த வரியைப் பார்த்ததும், என்ன இது, படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறதே என்று சிரித்துக்கொண்டே நீக்கி, மாற்றத்தை அனுப்பிவைத்தாள். அப்பா அன்றே 'சரி' போட்டார். அவ்வளவு சீக்கிரம் பூட்டு திறந்து யாரும் பார்த்ததில்லை. குழுவே வாயைப் பிளந்தது. அவள் அன்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

குளிர் தொடங்கியதும் சோதனை அறையில் சிப் பொருத்தி வைத்திருந்த பலகைகள் காலையில் எழுந்திருக்க மறுத்தன. ஒன்று எழும், ஒன்று எழாது. மத்தியானம் எல்லாம் ஒழுங்காக ஓடும். குழு முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டது. மின்சாரத்தைச் சந்தேகித்தார்கள், ஒயரைச் சந்தேகித்தார்கள், கடைசியில் ஏசி மெக்கானிக்கைக்கூட வரவழைத்துத் திட்டினார்கள். அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் களைத்த பிறகு, பெரிய கூட்டத்தில், சுவரில் அவள் பெயரோடு அந்த மாற்றத்தைப் போட்டுக் காட்டினார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"மகள்னு நம்பிப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

வரி திரும்ப ஏறியது. ஆபீஸே உருகிப்போனது. என்ன பெருந்தன்மை, என்ன மனசு என்று கான்டீன்வரை பேச்சு. நம்பிய அப்பாவின் கழுத்தை அறுத்தவள் என்கிற பெயர் அவளுக்கு மிஞ்சியது. அவள் வேலையை விட்டாள். அதன் பிறகு வேறெங்கும் கோட் எழுதப் போகவில்லை. அம்மாவோ, வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அங்கேதான் கொண்டு போய் முடிப்பாள்: "அந்த மனுஷன் பேரையே வழிச்சுத் தொடச்சவதானே நீ." அப்பா அப்போதெல்லாம் செய்தித்தாளில் பக்கம் திருப்புவார். அவ்வளவுதான்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவருக்குக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுது," என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் குழாய் உஸ்ஸென்றது. "நல்ல கேள்வி. கேட்டதுக்கு நன்றி."

அவள் தட்டினாள். அப்பா யாருக்கும் நன்றி சொல்லி அவள் கேட்டதில்லை. முதல் நன்றி தன் விரல் வழியாகத் தூரத்து ஆளுக்குப் போகிறது என்று பட்டது.

"அந்த வரியை எடுக்கக் கூடாது. கடிகாரத்தை ஓட விடுன்னு அந்த ரிஜிஸ்டர்ல எழுதுறோம். எழுதினது சிப்புக்குள்ள போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். சேர்றதுக்குள்ள அடுத்த கட்டளை போனா, அது காத்துல போயிடும். அதே ரிஜிஸ்டரைத் திரும்பப் படிச்சா, எழுதினது சேர்ற வரைக்கும் சிப் நின்னே ஆகணும். மதிப்பு தேவையில்லை. அந்த நிக்கிறதுதான் தேவை. குளிர்ல இது இல்லாம எழுந்திருக்காது."

இவ்வளவும் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது. முகம் நீலம் பூத்தது. ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி கண்ணில் ஒரு மினுக்கம்.

மகளின் விரல்கள் நின்றன.

"அப்பா. இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"என்ன எப்போ? நான் வெச்ச வரி. வெச்ச அன்னிக்கே தெரியும்."

"அப்ப, நான் அதை எடுத்து அனுப்பினேனே. அன்னிக்கு?"

அப்பா கூரையைப் பார்த்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"படிச்சேன்."

"படிச்சுட்டா சரின்னு போட்டீங்க?"

"ஆமா."

"ஏம்ப்பா?"

"நீ கேக்கலையே," என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. சில்லறை இல்லை என்று சொல்கிற கண்டக்டர் குரல். "இவன் கேட்டான், சொல்றேன். நீ கேக்காம கை வெச்சே."

"உங்க பொண்ணுப்பா நான்."

"அதான் ரொம்ப தைரியமா கை வெச்சே."

"அம்மா இத்தனை வருஷமா என்னைப் பேசினாளே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

அவர், மூச்சைப் பதிலுக்குச் செலவழிக்க விருப்பமில்லை என்பது போல் லேப்டாப் பக்கம் மோவாயை நீட்டினார்.

"கடைசியா என் பேரைப் போடு. பொறுப்பாளர்னு போடு."

அவள் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். பதில் போய்ச் சேர்ந்தது. திரையில் அது குழுவின் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஏறிவிட்டது. எங்கோ இருக்கிற லிஃப்ட்டுகள் குளிர்காலத்துக்குத் தப்பின. அவற்றின் மேல் அவளுக்கு ஒரு விரோதமும் இல்லை.

லேப்டாப்பை மூடி ஸ்டூலில் வைத்தாள்.

அப்பாவின் தலை தலையணையில் புதைந்திருந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மூடிய சத்தம் மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

"அனுப்பிட்டியா?"

அவள் துண்டை எடுத்து அவர் கழுத்து மடிப்பில் இருந்த வியர்வையை ஒற்றினாள்.

"அனுப்பிட்டியாம்மா?"

'அம்மா' என்று அவர் சேர்த்தது அவள் காதில் விழுந்தது. அப்பா சலுகை விலைக்கு வந்துவிட்டார். கடையில் முதலாளி சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. எதிராளி தவிக்கும்போது வாயைத் திறக்காதே. பொருளை எடுத்துத் துடைத்துக்கொண்டிரு. அவள் துடைத்தாள். காதின் பின்புறம், தாடையின் கீழ், தோள் எலும்புப் பள்ளம். குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

"சாயங்காலம் ஆயிடும். போயிடுச்சா? சொல்லேன்."

போயிடுச்சு என்பது ஒரே சொல். அதைச் சொல்ல அவளுக்கு ஆக்சிஜன் தேவையில்லை.

அவர் கை போர்வைக்கு மேல் ஊர்ந்து அவள் மணிக்கட்டைத் தேடியது. பிடித்தது. பிடியில் வலு இல்லை. ஆனால் விடவும் இல்லை. அவர் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து, அந்தக் கண் தன் முகத்தில் இப்படி நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். பார்வைக்குப் பார்வை கொடுத்தாள். உதடு மட்டும் பிரியவில்லை.

"அனுப்..." என்றார் அப்பா. பிறகு மார்பு எழவில்லை; குழாயின் உஸ் மட்டும் தனியாகக் கேட்டது.

அவள் தன் மணிக்கட்டிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, கையைப் போர்வைக்குள் வைத்து, சிலிண்டரின் திருகை மூடினாள். அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா போனோடு ஓடி வந்தாள். போனில் யாரோ, "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா அதைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் மார்பில் விழுந்தாள்.

அழுகை ஒரு சுற்று ஓய்ந்ததும் நிமிர்ந்தாள். "நான் அடுப்படியில இருக்கும்போது ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தாரே. என்னடி கேட்டாரு?"

"தண்ணி."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"உன் கையால குடிச்சுட்டுப் போயிருக்காரு," என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். "நீ செஞ்சதுக்கெல்லாம் மன்னிச்சுட்டாருன்னு அர்த்தம் அது. இனிமேலாவது உருப்படு."

பழைய மேலாளர் பக்கத்துத் தெருக்காரர். முதல் ஆளாக மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலி கிடைக்கும் வரை நின்று, கிடைத்ததும் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்துவது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பூட்டு மாதிரி ஆள்ங்க. ஆனா ஒரு தடவை பெத்த பொண்ணை நம்பி ஏமாந்தாரு. அன்னிக்குக் கூட்டத்துல தப்பு என்னோடதுன்னாரு பாருங்க, எனக்கே கண் கலங்கிடுச்சு. அப்படி ஒரு தகப்பன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

பக்கத்தில் இருந்தவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"காபி குடிக்கிறீங்களா சார்?" என்றாள் மகள்.

"துக்க வீட்ல எதுக்கும்மா," என்றார் மேலாளர். "சரி, அரை டம்ளர்."

ஸ்டூலில் இருந்த லேப்டாப்பை யாரோ நகர்த்தும்போது மூடி திறந்து திரை விழித்துக்கொண்டது. தூரத்து எஞ்சினியர் பதில் போட்டிருந்தார். 'ஐயா, இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்களிடம் கற்கிறவர்கள் பாக்கியசாலிகள்.' மகள் அதை முழுக்கப் படித்தாள். லேப்டாப்பை எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவர் பெட்டியை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். தொழில்காரர், அழுகிறவர்களைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். கைகளை நேராக்கினார். தாடையைத் தூக்கி மூடினார். கையை எடுத்ததும் வாய் மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி மூடினார். மறுபடி திறந்தது.

"யாராவது ஒருத்தர் புடிங்க, துணி கட்டணும்," என்றார்.

அம்மா முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் கட்டிலோரம் வந்து, அப்பாவின் மோவாயின் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மேலே தூக்கினாள். ஒரு நாள் தாடி முள்ளாகக் குத்தியது. பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் புடிம்மா."

அவள் அழுத்திப் பிடித்தாள். பெட்டிக்காரர் உச்சந்தலையில் முடிச்சைப் போட்டு இறுக்கி, "போதும், விடலாம்," என்றார். அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.