குப்பையில் விழுந்த ஐந்து மெயில்கள்

தேடிப் பார்க்காமலே பூரணி எப்படிச் சொன்னாள், "ஒண்ணும் வரலீங்களேம்மா" என்று, அவ்வளவு சட்டென்று... டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனிலுள்ள சங்க அலுவலகத்துக்கு வந்த அம்மாக்கண்ணு நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, "எம்மக அஞ்சு தரம் எழுதுனேன்னு சொன்னா மிஸ், அதுக்கப்புறம் அவகிட்டருந்து போனே இல்ல" என்று மறுபடியும் சொன்ன பிறகுதான் பூரணி குப்பை மெயில்கள் போய் விழும் பெட்டியைத் திறந்தாள். அங்கே, லாட்டரிப் பரிசுகளுக்கும் மாத்திரை விளம்பரங்களுக்கும் நடுவே, பிரேமினி, பிரேமினி, பிரேமினி... ஐந்து. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எழுதுவது வெளியார் கண்ணில் படக் கூடாது என்றுதானே சங்கத்துக்குச் சொந்தமாக மெயில் சர்வர், அதை அமைத்தவளும் அவள், அதற்குக் காவலும் அவள். ஒரு நாளைக்கு நானூறு குப்பை வந்தபோது, மூன்று வாரத்துக்கு முன், வடிகட்டியை இறுக்கியதும் அவள்தான்: தெரியாத முகவரியிலிருந்து பாஸ்போர்ட், உதவி, அவசரம் என்று எது வந்தாலும் குப்பை. உதவி கேட்கிறவள் வேறு எந்தச் சொல்லால் கேட்பாள்? அது ஏன் அன்று தோன்றவில்லை... சங்கத்துச் செயலாளர் ஜீவராஜ் அண்ணன்கூட, "இப்பதாம்மா நிம்மதி" என்றார், அவளும் சிரித்தாள், அந்த நேரத்தில் பிரேமினி ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டிருந்தாளா, "மிஸ், பாஸ்போர்ட்ட எடுத்து வச்சிக்கிட்டாங்க, ரூமுல போட்டு பூட்டுறாங்க" என்று? கடைசி மெயில் ஒன்பது நாளைக்கு முந்தியது. "ஒங்களுக்கு வேல இருக்கும் மிஸ். இனி எழுதல. இது பக்கத்து வூட்டு அக்கா நம்பரு."

"வந்திருக்குங்கம்மா... நாந்தான் பாக்கல." அம்மாக்கண்ணு திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாயிருக்கும், "இப்ப பாத்துட்டீங்கல்ல, பேசுங்க மிஸ்" என்றார். அந்த நம்பரை அழுத்தினாள், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண்ணின் குரல். பூரணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். நாலு நாளைக்கு முன் மாடி ஜன்னலிலிருந்து குதித்தாளாம், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம், உயிருக்குப் பயமில்லையாம், இலங்கைத் தூதரகத்து ஆட்கள் வந்து பார்த்தார்களாம். தமிழில் திருப்பிச் சொன்னபோது 'குதித்தாள்' என்ற சொல் வாயிலிருந்து வர மறுத்தது, அதற்கு முன் ஒரே ஒரு பதில் போயிருந்தால்... "உசுரு இருக்குல்ல மிஸ்?" "இருக்குங்கம்மா." அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

ஜீவராஜ் அண்ணன் அவரை உள்ளே அழைத்துப் போய்த் தூதரகத்துக்குப் பேசத் தொடங்கினார். பூரணி வடிகட்டியில் தான் எழுதியிருந்த அந்த விதியை அழித்தாள். அதன் கீழே இன்னொரு விதி, அதுவும் அவள் எழுதியதுதான், குப்பையில் விழுந்தது பதினான்கு நாளில் தானாகவே அழியும். அப்படியென்றால் வடிகட்டியை இறுக்கிய முதல் வாரத்தில் விழுந்தவை? தேடினாள்... அழிந்தவற்றின் எண்ணிக்கை மட்டும் இருந்தது, இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று, எழுதியவர்களின் பெயர்களைச் சேமிக்க அவள் சொல்லியிருக்கவில்லை. அதில் பிரேமினியைப் போல உதவி கேட்டவள் ஒருத்தியாவது இருந்தாளா, இல்லையா... இனி யாரிடம் கேட்பது?