சத்தம் வெளியே கேட்காத அறை

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, கப்ஷகாய் நகரின் குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த குல்பாஷுக்கு, அவள் கணவனின் மூத்த அண்ணனான ஒராஸ்பெக்கிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. பகல் உணவுக்கு முன்பாக ஷாரிபாவை அல்மாத்திக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்நகரிலேயே மிக உயர்ந்த ஓட்டலாகத் தேர்ந்தெடுத்து, ஓய்வு என்று சொல்லி, அங்கே தங்கவைக்க வேண்டும். ஷாரிபா குல்பாஷின் ஓரகத்தி. அக்குடும்பத்தின் நடு மகனை மணந்து, அவனைப் பறிகொடுத்து, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவள். அந்த மகன் எல்தோஸ், மேற்கே எண்ணெய் வயல் வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து பனிமூட்டத்தில் கவிழ்ந்து, முந்தைய நாள் மாலை இறந்துவிட்டான். ஷாரிபாவுக்கு அது தெரியாது.

சாவுச் செய்தியை, அதிலும் பெற்றவளிடம், வாய்க்கு வந்தபடி சொல்லிவிடும் வழக்கம் எங்கள் மக்களிடம் இல்லை. அவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவர் உடனிருக்க வேண்டும். பெரியவர்கள் பத்துப் பேராவது காலையில் ஒன்றாக வந்து அமர வேண்டும். பேச்சை வேறெங்கோ தொடங்கி, சிறிது சிறிதாக அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஷாரிபாவின் அண்ணன் தொலைவிலுள்ள செமே நகரிலிருந்து காரில் புறப்பட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலையில்தான் வந்து சேர்வார். உடலோ மறுநாள் நண்பகல் விமானத்தில் வருகிறது. அதற்குள் ஷாரிபாவின் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பியாக வேண்டும். குளிர்காலத்தில் ஒரு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுந்தால், அங்கே பிணம் கிடத்தப் போகிறார்கள் என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஷாரிபா அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவளுக்கு வசந்தத்தில்தான் இதயக் குழாயில் அடைப்பு நீக்கியிருந்தார்கள்; அந்த மருத்துவமனையும் அல்மாத்தியில்தான் இருந்தது. செய்தியை ஓட்டலிலேயே சொல்லி, மருத்துவர் பார்த்த பிறகு, உடல் வருவதற்குச் சற்று முன்பாக அவளை வீட்டுக்கு அழைத்து வருவது என்று ஒராஸ்பெக் தீர்மானித்திருந்தார்.

"நல்ல ஓட்டலா பாரும்மா. ஏதோ சத்திரத்துல வெச்சுச் சொன்னாங்கன்னு நாளைக்கு அவ பொறந்த வீட்டுக்காரங்க பேசக் கூடாது" என்றார்.

குல்பாஷ் அந்த ஏற்பாட்டை முன்னும் பின்னும் ஆராய்ந்தாள். ஒரு குறையும் தென்படவில்லை. எதையும் முறைப்படி செய்தால் பாதித் துன்பம் குறையும் என்பது அவளுடைய உறுதியான எண்ணம். கண்ணீரைக் குளிர்ந்த நீரில் கழுவிக்கொண்டு, இரு மாற்றுடைகளைப் பெட்டியில் அடுக்கி, காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஷாரிபா அப்போது ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். இரண்டு நாள் ஓய்வு, நட்சத்திர ஓட்டல், வெந்நீர்க் குளம் என்று குல்பாஷ் ஒப்பித்ததைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வேலை நாளில் விடுப்பு எடுத்திருக்கிறாளே, அலுவலகம் இடிந்து விழாதா என்று கேலி செய்தாள். ஓய்வெடுப்பதற்கும் அட்டவணை போட்டிருப்பாளே, அதில் மூச்சு விட நேரம் ஒதுக்கியிருக்கிறாளா என்று கேட்டாள். பிறகு திடீரென்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"இது உன் வேலை இல்ல. எல்தோஸ் ஏற்பாடுதானே? எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருப்பான் திருட்டுப் பய."

ஆமென்று குல்பாஷ் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இறந்தவன் பெயரில் ஒரு பொய் எழுந்து நின்றுவிட்டது. இல்லையென்று மறுத்திருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். ஷாரிபா மகனுக்கு நன்றி சொல்லத் தொலைபேசியை எடுத்தாள். வேலை முறை முடியும்வரை அவன் எடுக்க மாட்டான் என்று அவளே சொல்லிக்கொண்டு கீழே வைத்தாள். ஓய்வென்றால் தொலைபேசி கூடாது என்று குல்பாஷ் அதை வாங்கி, அணைத்து, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அக்கம்பக்கத்தாரில் எவளாவது துக்கம் விசாரித்துவிடுவாளோ என்ற அச்சம் அவளுக்கு.

அல்மாத்தியில் முதலில் பார்த்தது நகரின் நடுவே இருந்த கண்ணாடிக் கோபுரம் போன்ற ஓட்டல். பளிங்குத் தரை, ஆள் உயரப் பூச்சாடிகள், மேகத்தைத் தொடுகிற அறை. ஷாரிபா மலர்ந்த முகத்தோடு உள்ளே போனாள், சன்னலைத் திறக்க முயன்றாள், அது திறக்கவில்லை. எந்த அறையிலும் திறக்காது என்று பணிப்பெண் பணிவாகத் தெரிவித்தாள். காசு கொடுத்து யாராவது ஜாடிக்குள் போய் உட்காருவார்களா என்று ஷாரிபா முணுமுணுத்துக்கொண்டே மின்தூக்கியில் இறங்கினாள்.

இரண்டாவது, பூங்காவின் ஓரத்தில் இருந்த பழைய மாளிகை. தங்க விளிம்பிட்ட நாற்காலிகள், கால் புதையும் கம்பளங்கள். ஷாரிபாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஆனால் அன்று மாலை அங்கே ஒரு திருமணம். மறுநாள் காலையில் பெண் வீட்டாரை வழியனுப்பும் விருந்து. மேடையில் வெள்ளைத் துணியும் பூவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை பத்துப் பெரியவர்கள் இந்தப் பூ வளைவின் கீழே நுழைந்து வருவதை குல்பாஷ் மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். சத்தமாக இருக்கும், வேண்டாம் என்றாள்.

"இருக்கட்டுமே. கல்யாணச் சத்தம் எனக்குப் பிடிக்கும். நாமளும் ஒரு ஓரமா நின்னு பாத்துக்கலாம். வர்ற வருஷம் நம்ம வீட்டுல நடக்கப் போறதுதானே, எதை எங்க வைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

குல்பாஷ் வாசலை நோக்கி நடந்தாள். இவளோடு ஓய்வெடுக்க வந்ததற்கு வீட்டிலேயே முட்டைக்கோஸ் அரிந்திருக்கலாம் என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. அந்தக் குரலில் சினம் இல்லை; விளையாட்டுதான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாவது ஓட்டல் மலையடிவாரத்தில் இருந்தது. அமைதிக்குப் பெயர் பெற்ற இடம். விருந்தினர்கள் செருப்புச் சத்தம்கூட எழாமல் நடந்தார்கள். சன்னல்கள் திறந்தன. பனி மூடிய தேவதாரு மரங்கள் கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தன. ஷாரிபா, இதுதான் என்று தீர்ப்பளித்துவிட்டு, நீராவிக் குளியலறையைப் பார்த்துவரப் போனாள். அந்த இடைவெளியில் குல்பாஷ் மேலாளரிடம் பேசினாள். மாதியார் என்பது அவன் பெயர்; நேர்த்தியான உடையும் தாழ்ந்த குரலுமாக முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவன். நாளைக் காலையில் பத்துப் பேர் அமர ஓர் அறை வேண்டும், அருகில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் சொன்னாள். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினான்.

கீழ்த்தளத்தில் ஒரு கூடம் இருப்பதாகவும், இதுபோன்ற காரியத்துக்கு முன்பும் கொடுத்திருப்பதாகவும் சொல்லி அழைத்துப் போனான். நீண்ட மேசை, தோல் நாற்காலிகள், தண்ணீர்க் குவளைகள், பெட்டியில் கைக்குட்டைகள். மருத்துவரைக் காலையிலேயே பக்கத்து அறையில் உட்கார வைத்துவிடலாம். எல்லாம் முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றிவிடலாம். குல்பாஷ் கேட்க நினைத்த ஒவ்வொன்றுக்கும் அவன் முன்கூட்டியே விடை வைத்திருந்தான். அவ்வளவு ஒழுங்கைக் கண்டு, அந்த நிலையிலும், அவள் மனம் சற்று ஆறியது.

"மத்தவங்க ஓய்வெடுக்க வர்ற இடம் இல்லையாக்கா, அதனால சுவர் முழுக்கப் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கோம். உள்ள எவ்வளவு அழுதாலும் வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது."

சொல்லிவிட்டு, மெய்ப்பிப்பதற்காக, கைகளை ஒருமுறை ஓங்கித் தட்டினான். அந்த ஓசை அவன் உள்ளங்கையை விட்டுப் புறப்பட்டதும் செத்தது.

குல்பாஷ் அங்கேயே நின்றாள். தன் மாமனார் இறந்த நாளில் இதே ஷாரிபா இடுப்பில் கையூன்றி, வாசலைப் பார்த்து, ஒப்பாரி வைத்தது அவள் காதில் ஒலித்தது. அந்தக் குரல் தெருவைத் தாண்டிப் போயிற்று. கேட்ட பெண்கள் மாவுக் கையோடு வந்தார்கள். ஆண்கள் தெருமுனையிலிருந்தே பெயர் சொல்லிக் கதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அழுகிறவள் எழுப்பும் குரலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் எதிரே வர வேண்டும். அதைப் பற்றிக்கொண்டுதான் அவள் அடுத்த மூச்சை இழுப்பாள். இந்தக் கூடத்தில் அவள் குரல் பஞ்சில் புதைந்து போகும். பிறகு முகத்தைத் துடைத்து, பின்வாசல் வழியாக, காரில் ஏற்றுவார்கள். குறையே இல்லாத ஏற்பாட்டில் குறை எங்கே இருந்தது என்பதை குல்பாஷ் அப்போதுதான் கண்டாள். காலையிலிருந்து அவர்கள் ஓட்டலைத் தேடினார்களே தவிர, அழுவதற்கு ஓர் இடத்தைத் தேடவில்லை.

மாதியாருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மாடிப்படியின் அடியில் நின்று ஒராஸ்பெக்கை அழைத்தாள்.

"பெரியத்தான், இங்க வேண்டாம். அவளை வீட்டுக்கே கூட்டிட்டு வரேன்."

ஓட்டலில் இடம் இல்லையா என்று அவர் கேட்டார். இடமெல்லாம் இருக்கிறது, சத்தம் வெளியே போகாத இடம் என்றாள். கூடாரத்தின் மரச் சட்டங்கள் பாதி நின்றுவிட்டன, இப்போது திரும்பி வருவதாவது என்று அவர் சீறினார். நெஞ்சு நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். மருத்துவரை ஊருக்கு அழைத்து வரலாம் என்று அவள் சொன்னாள்.

"எனக்கே புத்தி சொல்ற அளவுக்கு வந்துட்டியா?"

"புத்தி சொல்லல, பெரியத்தான். நாளைக்கு நீங்க எல்லாரும் தெருமுனையிலேர்ந்து அவன் பேரைச் சொல்லி அழுதுக்கிட்டு ஓடி வரணும். இங்க எங்கேருந்து ஓடி வருவீங்க? லிப்ட்லேர்ந்தா?"

மறுமுனையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒராஸ்பெக் யாரிடமோ நிறுத்தச் சொன்னார். அந்தச் சத்தமும் நின்றது. தான் சற்று நேரத்தில் அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். தன் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்க்கைப்பட்டவள் அன்றுதான் முதன்முறையாகத் தன்னை எதிர்த்துப் பேசினாள் என்பதை அவர் பிறகு ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை.

ஷாரிபா வரவேற்புக் கூடத்தில் பால் கலந்த தேநீரோடு அமர்ந்திருந்தாள். குளியலறை அத்தனை சுத்தம், நாளைக் காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும் என்றாள். குல்பாஷ் அவள் எதிரே நின்றுகொண்டே, வீட்டுக்குப் போகலாம் அக்கா என்றாள்.

அதற்கு ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும். அறை எண் பிடிக்கவில்லை என்றாலும் மூன்று காரணம் அடுக்குகிறவள் குல்பாஷ். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஷாரிபா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த நேரத்தில் மாதியார் தானே ஷாரிபாவின் மேலங்கியைக் கொண்டுவந்து, இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, தரையைப் பார்த்தபடி நின்றான். ஷாரிபா அவனையும் பார்த்தாள். குவளையை ஓசையில்லாமல் தட்டில் வைத்தாள். எழுந்து மேலங்கியை அணிந்துகொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

கார் நகரைத் தாண்டி வடக்கே திரும்பியது. வெயில் மங்கிய சமவெளியில் பழுப்புப் புல் காற்றில் படுத்திருந்தது. காலையில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள் இப்போது சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். குல்பாஷ் இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டு, ஷாரிபா எதையாவது கேட்டுவிடுவாளோ என்று அஞ்சினாள். கேட்டால் பொய் சொல்ல அவளால் இனி இயலாது. மெய் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. இதற்கிடையே ஒராஸ்பெக் அழைத்தார். சரி, சரி என்ற இரு சொற்களில் குல்பாஷ் பேச்சை முடித்தாள்.

பாதி வழியில் ஷாரிபா காதுகளிலிருந்து வெள்ளிக் கம்மல்களைக் கழற்றினாள். ஒன்று எளிதில் வந்துவிட்டது. மற்றதன் திருகு இறுகிக் கிடந்தது. பொறுமையாகத் திருகிக் கழற்றி, இரண்டையும் குல்பாஷின் கைப்பையில், அணைத்துவைத்த தொலைபேசிக்கு அருகில் போட்டாள். பிறகு தலைத்துணியைப் பிரித்து நெற்றி மறையும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்லிடாத, குல்பாஷ். நானும் கேக்க மாட்டேன். எங்க அண்ணன் வந்து சொல்லட்டும்."

அண்ணன் வருவதாக அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, குரல் வெளிவரவில்லை. தன் வீட்டு வாசல் வரும்வரை அதை அடக்கி வைத்திருக்கிறாள் என்பது குல்பாஷுக்குப் புரிந்தது. வேகத்தைக் கூட்டினாள்.

இறுதியில் முடிவு செய்யப்பட்டது இதுவே. பாதி நின்ற கூடாரத்தை அவர்கள் வந்து சேர்வதற்குள் பிரித்து, லாரியில் ஏற்றி, ஒராஸ்பெக்கின் வீட்டின் பின்புறத்தில் நிறுத்திவைப்பது. ஷாரிபா அன்றிரவு தன் வீட்டில், குல்பாஷோடு, படுப்பது. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் வந்ததும் பெரியவர்கள் அந்த வீட்டிலேயே அமர்ந்து முறைப்படி செய்தியைச் சொல்வது. இதய மருத்துவரை அடுத்த வீட்டில் இருத்திக்கொள்வது. சொல்லி முடித்த பிறகு, அவள் கண்ணெதிரிலேயே, முற்றத்தில் கூடாரத்தை எழுப்புவது. உடல் அதில் ஓர் இரவு கிடக்கும். அடக்கம் சனிக்கிழமை நண்பகலில். ஓட்டல் அறை வேண்டாம் என்று குல்பாஷ் மாலையிலேயே மாதியாருக்குத் தெரிவித்தாள்.