எல்லா ஃபேனும் நாற்பத்தாறு

1.

12 ஆகஸ்ட், செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையது. சின்னது என்று எழுதியதும் தப்பு.

கதை பிறந்தது இந்த வரிகளிலிருந்துதான். டைரியில் அடுத்த வரிக்கு வந்ததுமே கை நியாயம் பேச ஆரம்பித்துவிட்டது ("யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள்"). அதனால் 'நான்' வேலையிலிருந்து நீக்கப்படுகிறது. இனி 'அவள்'. பெயர் இளமதி. பகலில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜமாலுதீன் பாயின் கம்ப்யூட்டர் கடையில் வேலை, சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. அந்த வகுப்பு நோட்டின் முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில், அவள் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: 'எதையும் அளக்கும் முன், எதுவும் இல்லாமல் ஒரு முறை அளக்கவும்.'

அந்தப் பக்கத்துக்குக் கோலமெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். திருப்பிப் பார்த்ததில்லை.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காற்றுக்கு நிறமில்லை, ஆனால்" (வேண்டாம். ஆனாலுக்குப் பிறகு சொல்ல எதுவும் இல்லை.)

"சிதம்பரத்தில் அமீனா பீவி என்ற ஓய்வுபெற்ற டீச்சர்" (இவரை இப்போதே கொண்டுவந்தால் வாசகர் பாவப்பட்டுவிடுவார். கொஞ்சம் பொறுக்கட்டும்.)

"எங்கள் தெருவில் அமைதி மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வரும்." இது நிஜம். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட்டை நிறுத்தும் நாள் அது. எதிரே மாவு மில் ஓயும், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை ஓயும், தலைக்கு மேலே சீலிங் ஃபேனும் ஓயும். கம்ப்யூட்டர் ஃபேனின் சத்தத்தை அளக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று இளமதி முடிவு செய்தாள். ஜூலை 24 அன்று இன்வெர்ட்டரைப் போட்டு, கடையிலிருந்த மூன்று வகை ஃபேன்களையும் ஒவ்வொன்றாக ரேடியேட்டரில் மாட்டி, அரை மீட்டர் தள்ளி, சத்தம் அளக்கும் டெசிபல் மீட்டரை வைத்தாள்.

(ரேடியேட்டர் என்பது, கம்ப்யூட்டரின் சூட்டை வாங்கிவரும் தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருக்கி அடுக்கிய சட்டம். வெட்டவெளியில் வீராப்பாக ஊதும் ஃபேன்கூட அதன் முன்னால் நின்றால் இரைக்கும். இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பாயின் அக்கா மகன் யாசர் படித்துவிட்டு, "கதைன்னு சொல்லிட்டு கேட்லாக் எழுதி வச்சிருக்கியே" என்றான். கிழித்துவிட்டேன்.)

காற்றை அளக்க, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ரிப்பன். அது எவ்வளவு மேலே எழும்புகிறது என்று ஸ்கேலில் பார்ப்பாள். முதல் ஃபேனுக்கு நாலு சென்டிமீட்டர். இரண்டாவதுக்கு ஐந்து. மூன்றாவதுக்கு ஒன்பது! சத்தம்? நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு.

காற்றில் ஒருவன் முதல், சத்தத்தில் எல்லாரும் சமம். வேறென்ன வேண்டும்? மூன்றாவது வகையில் இரண்டு, டீச்சருக்காகக் கட்டிய கம்ப்யூட்டரில் ஏறிச் சிதம்பரம் போயின.

3.

இப்போது டீச்சரைக் கொண்டுவரலாம். பார்வையில்லாத பிள்ளைகள் அரசுத் தேர்வுக்குப் படிக்க, பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவர். அறையைச் சாத்திக்கொண்டு, சீலிங் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மிஷின் சத்தம் போடக் கூடாது.

இன்று காலை அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"இளமதி, மிஷினு நல்லாத்தாம்மா இருக்கு. நல்ல வேகம். ரெக்கார்டிங்லதான் பின்னாடி ஒரு இரைப்பு கேக்குது. மூச்சு எனக்குத்தான் வாங்குது போல. வயசு அறுபத்தஞ்சு ஆவுதில்ல? பாடம் கேக்குற புள்ளைங்க காதுல எதுக்கு நான் இரைக்கணும். நாளைக்கு இந்தப் பாடத்த முடிச்சிட்டு நிறுத்திக்கிறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

எதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இளமதிக்குப் புரியவில்லை. மதியம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனபோது புரிந்தது. இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மேசையில் மீட்டர் மட்டும் இருந்தது. ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. மீட்டர் காட்டியது நாற்பத்தாறு.

"இன்னா இளமதி, ஓடாமயே சத்தம் போடுது? பேய் ஃபேனா?" என்றான் யாசர்.

பேய் மேசைக்குக் கீழே இருந்தது. அன்று அவள் அளந்ததெல்லாம் இன்வெர்ட்டரின் சத்தத்தைத்தான்.

4.

சோதனையை மறுபடி செய்யச் சரியாகப் பத்து நிமிடம் ஆயிற்று. ஃபேனுக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பதும் பன்னிரண்டு வோல்ட். அதை இருநூற்று முப்பதாக்கி, மறுபடியும் பன்னிரண்டாக்கி ஃபேனுக்குக் கொடுத்திருக்கிறாள். கடலூரிலிருந்து நேராகப் போகாமல், விழுப்புரம் சுற்றிச் சிதம்பரத்துக்கு பஸ் பிடித்த கணக்கு. இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தாள். வெறும் அறை இருபத்தைந்து. முதல் ஃபேன் இருபத்தேழு. இரண்டாவது முப்பத்தொன்று. டீச்சர் வீட்டில் ஓடுகிற மூன்றாவது, முப்பத்தொன்பது.

ஜமாலுதீன் பாய் மீட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பரவால்ல வுடு. நாளைக்குப் போயி, சர்வீஸ்னு சொல்லி மாத்திட்டு வந்துடு."

"டீச்சரு அவுங்க மூச்சுன்னு நெனைக்கிறாங்க பாய்."

"சத்தம் நின்னுட்டா சரியாப் போச்சுன்னு நெனைச்சிப்பாங்க. டெஸ்ட் பண்ணதே தப்புன்னு நீ போயி சொன்னீன்னா, நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?"

"மாமா, அவ சொல்லிடுவா," என்றான் யாசர். "மூஞ்சப் பாருங்க."

"சொன்னா இங்க திரும்பி வர வேணாம்னு சொல்லு." கோபமா விளையாட்டா என்று தெரியவில்லை. பாயின் குரலை அளக்க மீட்டர் இல்லை.

5.

முடிவு அ: சர்வீஸ் என்கிறாள். சத்தம் நிற்கிறது. மூச்சு தேறிவிட்டதாக டீச்சர் சந்தோஷப்படுகிறார். (எழுத சுலபம். ஆனால் ஒரு பொய்யான நோயைக் கொடுத்துவிட்டு, பொய்யாகவே குணப்படுத்துவது.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். டீச்சர் சிரித்து, டீ போட்டுக் கொடுத்து (நிறுத்து. அவர் டீ போடுவார் என்று உனக்கு யார் சொன்னது?)

முடிவு இ: வாசகர் எழுதிக்கொள்ளலாம். டீச்சர் திட்டுகிறாரா, பாய் அவளைச் சேர்த்துக்கொள்கிறாரா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. நடக்காததை அளந்து எழுதி ஒரு தடவை பட்டாயிற்று.

ஒரே ஒரு திருத்தம். 'அவள்' என்று எழுதிக்கொண்டிருந்தால் சிதம்பரத்துக்கு யாரும் போகமாட்டார்கள். 'நான்' திரும்ப வேலைக்குச் சேர்க்கப்படுகிறேன்.

நாளைய வேலை: ஏழு மணி பஸ். பையில் முதல் வகை ஃபேன் இரண்டு, ஸ்க்ரூடிரைவர், மீட்டர். மிஷினை அணைத்துவிட்டு முதலில் வெறும் அறையை அளக்க வேண்டும். அதற்கும் முன்னால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல வேண்டியது: "டீச்சர், அது உங்க மூச்சு இல்ல."