லோகேஸ்வரியின் இரண்டாம் பிரசவம்

ஆறாம் மாதப் பரிசோதனையிலேயே லோகேஸ்வரி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். திகாம் பத்து கிளினிக்கில் எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அவளுடைய கர்ப்பப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "மொத புள்ள ஆபரேஷனா? அப்ப இதுக்கும் தேதி போட்டுறலாம் லா" என்றார்.

"வேணாம் மிஸ்ஸி. இத நானே பெத்துக்கிறேன்."

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். "மொத தடவ எதுக்கு வெட்டுனாங்க?"

"தல திரும்பல. கடைசி வரைக்கும் காலு கீழதான் இருந்துச்சு."

"இது திரும்பிட்டா பாக்கலாம். ஆனா உள்ளுக்குள்ள கர்ப்பப்பைய எப்படி வெட்டுனாங்கன்னு தெரியணும். வயித்துமேல இருக்கிற தழும்ப வச்சுச் சொல்ல முடியாது. அந்த ஆஸ்பத்திரி ரிப்போட்ட கொண்டாங்க. அது இல்லாம ஸ்பெஷலிஸ்ட் பேசவே மாட்டாங்க."

மூன்று வருடங்களுக்கு முன் மூத்தவள் தியாஷினி பிறந்தபோது லோகேஸ்வரியின் தையலில் சீழ் வைத்துவிட்டது. ஒன்றரை மாதம் குழந்தையைத் தூக்க முடியவில்லை. தும்மினால் கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணவன் வசந்தன் லோரி ஓட்டுபவன். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளுக்கு மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு தடவையும் வெட்டினால் அடுத்தது இன்னும் சிக்கலாகும் என்பதை அவள் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாமியார் பிரேமாவதி கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"ஒனக்கென்ன பைத்தியமா? ஒரு தடவ கிழிச்ச வயிறு. வலி எடுத்து உள்ள பிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஐயர்கிட்ட நல்ல நாளு கேட்டு வச்சிருக்கேன். போனமா, படுத்தமா, எடுத்தமான்னு வா."

"ரிப்போட் பாத்துட்டு டாக்டர் வேணாம்னு சொன்னா நானே போய்ப் படுத்துக்கிறேன் அத்தை. பாக்காமலே ஏன் படுக்கணும்?"

முதல் பிரசவம் அவளுடைய தாய்வீடு இருக்கும் பண்டார் பாரு பக்கம், பேராக் எல்லையைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. இரண்டு தடவை போன் செய்தாள். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை. தொழிற்சாலையில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, தியாஷினியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தானே காடி ஓட்டிக்கொண்டு போனாள்.

பழைய கோப்புகள் எல்லாம் வேறு கட்டடத்தில் இருப்பதாகவும் அடுத்த வாரம் வரும்படியும் முகப்பில் இருந்த பெண் சொன்னாள்.

"அடுத்த வாரம் எனக்கு இன்னும் ஒரு வாரம் கூடியிருக்கும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லி நாற்காலியில் அமர்ந்தாள் லோகேஸ்வரி. கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. ரொட்டியைப் பிய்த்து மகளுக்குக் கொடுத்தாள். மகள் தூங்கினாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாயோடு விளையாடினாள். மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணே போய் ஒரு கோப்போடு திரும்பினாள். அதில் இருந்த ஒரு வரியை லோகேஸ்வரி போனில் படம் பிடித்துக்கொண்டாள். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தார்கள்.

"இதுதான் நல்ல வெட்டு" என்றார் சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹனிஸ். நிதானமான மலாயில் ஒளிக்காமல் பேசினார். இப்படிப்பட்ட பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடும். மற்றவர்களுக்கு நடுவில் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். பழைய தழும்பு பிரிவது இருநூறில் ஒருவருக்கு நடக்கலாம்; நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் வலி எடுத்த உடனே வந்துவிட வேண்டும். பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

லோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். வரமாட்டேன் என்றவரை அவள்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். பிரேமாவதி திடீரென்று மலாயில் கேட்டார்: "ஆபரேஷன் ரூம் எவ்வளவு தூரம்?"

டாக்டர் எழுந்தார். "வாங்க மாக்சிக், காட்டுறேன்" என்று மலாய் வழக்கப்படி அத்தை முறை வைத்துக் கூப்பிட்டார்.

பிரசவ அறையின் வாசலிலிருந்து தாழ்வாரத்தின் மறுகோடியில் அந்தக் கதவு தெரிந்தது. பிரேமாவதி தாழ்வாரத்தில் நடந்து போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

காடியில் வரும்போதுதான் பேசினார். "எங்கக்கா மருதம்மா. ரெண்டாவது புள்ளைக்கு வலி வந்து ரத்தம் நிக்கல. எஸ்டேட்டு ரோட்டுல ஆம்புலன்சு வந்து சேர ரெண்டு மணி நேரம். மடியில வச்சிருந்தது நாந்தான்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டார். "எனக்கு வெட்டப் பத்திப் பயமில்ல. தூரத்தப் பத்திதான் பயம்."

லோகேஸ்வரி அன்று இரவே தன்னோடு வேலை செய்யும் இஸ்ஸதியிடம் பேசினாள். இஸ்ஸதியின் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடம். ஓர் அறை சும்மா கிடந்தது. எட்டாம் மாதக் கடைசியில் ஸ்கேனில் தலை கீழே திரும்பியிருப்பது தெரிந்ததும், துணிமணிகளோடு அங்கே குடிபோனாள். தியாஷினியும் மாமியாரும் கூடவே வந்தார்கள்.

சொன்ன தேதி வந்தது, போனது. வலி வரவில்லை. ஐந்து நாள் தாண்டியும் ஒன்றுமில்லை. மருந்து கொடுத்து வலியை வரவழைக்க டாக்டர் ஹனிஸுக்கு மனமில்லை. தழும்புக்கு அது கூடுதல் சிரமம் என்றார். வியாழக்கிழமை வரை பார்க்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன். லோகேஸ்வரி சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் வழக்கம்போல் நடக்கக் கிளம்பினாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இடுப்பைப் பிடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்று. "அத்தை, கெளம்பலாம்" என்றாள். இஸ்ஸதி காடியை எடுத்தாள். வசந்தன் லோரியோடு ஜோகூரில் இருந்தான், போனில், "நான் வர்றதுக்குள்ள..." என்று இழுத்தான். "நீங்க மெதுவா ஓட்டிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். பிள்ளையின் துடிப்பு இயந்திரத்தில் குதிரை ஓடுவது போலக் கேட்டது. மதியம் வரை நன்றாகத்தான் போனது. இரண்டரை மணிக்கு அந்த ஓட்டம் தளர்ந்தது. மிஸ்ஸி அவளை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். டாக்டர் ஹனிஸ் உள்ளே வந்து இயந்திரத்தையே பார்த்தபடி நின்றார்.

"டாக்டர்" என்றாள் லோகேஸ்வரி, மூச்சு வாங்க. "வெட்டணும்னா வெட்டுங்க. என்னை ரெண்டாந்தரம் கேக்க வேணாம். ஆனா இன்னும் முடியும்னா எனக்கு நேரம் குடுங்க."

டாக்டர் தழும்புக்கு மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தார். பிரசவ வலி விட்ட நேரத்தில் அந்த இடம் தனியாக வலிக்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். துடிப்பு மெல்ல ஏறிப் பழைய ஓட்டத்துக்கு வந்தது. "ஆபரேஷன் ரூம்ல தயாரா இருக்கச் சொல்லிட்டேன். நீங்க தொடருங்க" என்றார்.

பிரேமாவதி மருமகளின் தலைமாட்டில் நின்றார். உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தபடி, "முக்கும்மா... விடாத... இதோ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லோகேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்து, பற்களைக் கடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கீழே தள்ளினாள். ஒருமுறை முடியாது என்று கத்தினாள். அடுத்த வலிக்கு மறுபடியும் முக்கினாள்.

நாலே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு. வழவழவென்று ஈரமாக அவள் மார்பில் கிடந்து வீறிட்டது. டாக்டர் ஹனிஸ் தழும்பைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கீழே நான்கு தையல்தான்.

ஏழு மணிக்கு வார்டில் சூடான மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். லோகேஸ்வரி மடமடவென்று குடித்து முடித்தாள்.

"இன்னொரு கப்பு கெடைக்குமா?" என்றாள்.

பிரேமாவதி குழந்தையைக் கையில் ஏந்தியபடியே, "மிஸ்ஸி, எங்க புள்ளைக்கு இன்னும் பசிக்குதாம்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.